ஆளில்லாத தோட்டத்தில் ஒரு சிவப்பு வட்டம்

அந்தப் படம் என் கண்ணெதிரேதான் அச்சாகி வெளியே வந்தது.

யோங் பெங் என்ற சின்ன ஊரில் ஒரு பேனர் கடையில் எனக்கு வேலை. இயந்திரத்தின் தலை இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் ஓட்டத்தில் வெள்ளை பிளாஸ்டிக் துணி மேல் உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, கோழிக்கடைத் திறப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே மை, ஒரே நாற்றம். அன்றைக்கு வந்தது சுகாதார இலாகாவின் படம். வட்டாரத்தில் கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சல் எங்கே பரவுகிறது என்று சனங்களுக்குக் காட்டுவதற்கான வரைபடம். செம்பனைக் காடு பச்சையில் வந்தது. ரோடு சாம்பலில் வந்தது. ஆறு நீலத்தில் நெளிந்து வந்தது. கடைசியில், நடு வயிற்றில் குத்தியது மாதிரி, ஒரு சிவப்பு வட்டம் இறங்கியது.

வட்டம் விழுந்த இடம் நான் பிறந்த தோட்டம்.

லாபிஸ் போகும் பக்கம், பெரிய ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டும். இப்போது அங்கே மனித வாடை கிடையாது. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளை இடித்துத் தள்ளி வருஷக்கணக்காகிறது. நாங்கள் சாப்பிட்ட இடத்திலும் படுத்த இடத்திலும் சண்டை போட்ட இடத்திலும் செம்பனை நிற்கிறது. மிச்சம் இருப்பது ஒரு காளியம்மன் கோயில். வெள்ளிக்கிழமைகளில் பூசாரி மோட்டார் சைக்கிளில் போய் விளக்கேற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். அங்கே யாருக்குக் காய்ச்சல் வரும்? காளிக்கா?

"தவுக்கே, இந்தப் படம் தப்பு" என்றேன். என் முதலாளி சீனர். தோட்டம் தோட்டமாக மீன் விற்ற குடும்பம். தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார்.

"படம் அவங்க குடுத்தது. நீ கலர மட்டும் பாரு லா. சிவப்பு சரியா வந்திருக்கா?"

சிவப்பு சரியாகத்தான் வந்திருந்தது.

எனக்குத் தெரிந்த காய்ச்சல் வேறு இடத்தில் இருந்தது. ஊருக்குப் பின்னால், பெரிய சாக்கடையை ஒட்டி, எங்கள் தாமான். ஒட்டி ஒட்டிக் கட்டிய மலிவு வீடுகள். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பலரும் அங்கே ஒரே வரிசையில் வாடகைக்கு இருந்தோம். அக்கா வீட்டில் பின்னறை எனக்கு. எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகப் படுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிக்கிற வலி, உடம்பெல்லாம் தடிப்பு. காலையில் வடை சுட்டு விற்ற கோடி வீட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய சாவும் இந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. வாழ்ந்தது சாக்கடை ஓரத்தில், நோயாளியாகப் பதிவானது செம்பனைக் காட்டில்.

எப்படி என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியாட்களுக்குத்தான் விளக்க வேண்டும். தோட்டத்தைக் கம்பெனி காலி செய்தபோது, அங்கே குடியிருந்தவர்களுக்கு ரோட்டோரத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். சொன்னதோடு சரி. வாக்குக் கொடுத்த மேனேஜர் போய்விட்டார், கம்பெனி கை மாறிவிட்டது, ரோட்டோர நிலத்தில் லாலான் புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே பிடிமானம் ஐ.சி. என்ற அடையாள அட்டை. ஐ.சி.யில் பழைய தோட்டத்து முகவரி இருக்கும் வரைக்கும் நாம் தோட்டத்து ஆள்; மாற்றினால், வேறு இடத்தில் குடியேறிவிட்டான் என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுவார்கள். இதை யாரும் எங்களுக்குச் சட்டப்படி சொல்லவில்லை. நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி அது சட்டமாகிவிட்டது. கல்யாணம் ஆகிப் போன பெண்கள்கூட மாற்றவில்லை.

அதனால் கிளினிக்கில் ஐ.சி.யை நீட்டும்போது, "இன்னும் இந்த முகவரிதானா?" என்று கேட்டால், "ஆமா" என்போம். பிறகு இலாகாவிலிருந்து போன் போட்டு விசாரித்தால் அதற்கும் "ஆமா". முனகலுக்கிடையே ஆமா. காய்ச்சல் நடுக்கத்தில் ஆமா. அந்த ஆமாக்களெல்லாம் போய்ச் சேர்ந்து ஒரு காட்டுக்கு நடுவில் சிவப்பு வட்டமாகிவிட்டன.

புகையடிக்கும் வண்டியும் படத்தை நம்பி அங்கேயே போனது. பூசாரி வந்து சாப்பாட்டுக் கடையில் கதை கதையாகச் சொன்னார். "கோயில் கதவத் தொறக்கச் சொன்னானுங்க. உள்ள பூந்து அடிச்சானுங்க பாரு பொகை, அலமாக், ஆத்தா மொகமே தெரியல! இனிமே அவளுக்கு டிங்கி வராது."

கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். கோடி வீட்டு அம்மாவின் காரியம்கூட அப்போது முடிந்திருக்கவில்லை.

மச்சான் கெட்ட மனிதரில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். வீட்டுக்காகப் போராடும் நடவடிக்கைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். லாரி ஓட்டிவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யார் யாரையோ பார்க்கக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது சட்டை கசங்கியிருக்கும், முகம் கசங்கியிருக்காது. அவருடைய அப்பா லயத்தில் இறந்தவர். "நமக்குன்னு ஒரு வீடு வராம நான் ஐ.சி.ய மாத்தமாட்டேன்" என்று சபையில் சொன்னவர். அந்த வார்த்தைக்காகத்தான் வரிசையே அவர் பின்னால் நின்றது.

படம் அச்சான அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அக்கா ஃபாக்டரியிலிருந்து வந்து, உடையைக்கூட மாற்றாமல், தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நம்ம ஆளுங்களுக்கு வர்ற காய்ச்சல் எல்லாம் தோட்டத்துக் கணக்குல ஏறுது. நம்ம வரிசையத் தேடி ஒரு நாயும் வரமாட்டான்."

"வரலன்னா போறான். சாக்கடைய நாமளே சுத்தம் பண்ணுவோம்."

"யாரு பண்ணுனா?"

"பண்ணுவோம்டா மாப்ள. இப்ப நான் போயி, ஐயா நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம், வாங்கன்னு கை காட்டுனா, நாளைக்குக் கம்பெனி வக்கீல் என்ன கேப்பான்? உங்களுக்குத்தான் வேற எடத்துல வீடு இருக்கேம்பான். கவர்மெண்டு பேப்பரயே எடுத்துக் காட்டுவான்."

"இது நோயாளிங்களோட படம் மச்சான். வக்கீலு கைக்கு ஏன் போகுது?"

"நீ பேனர் அடிக்கிறவன். ஒரு படம் எங்கெங்க போவும்னு உனக்குத் தெரியாதா?"

அக்கா வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "கோடி வீட்டு அக்காவுக்கும் ஒரு வீடு தருவாங்களா? எங்க கட்டுவாங்க, சுடுகாட்டுலயா?"

"நீ சும்மா இரு" என்றார் மச்சான். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கடையில் மிஞ்சிய துணித் துண்டில் நானே ஒரு படம் அடித்தேன். எங்கள் வரிசை, எதிர் வரிசை, சாக்கடை, பிள்ளைகள் விளையாடும் திடல். காய்ச்சல் கண்ட வீடுகளின் மேல் சிவப்புப் புள்ளி வைத்தேன். யார் பெயரும் போடவில்லை. மேலே பெரிய எழுத்தில், 'காய்ச்சல் இங்கே. தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்.' வரிசை தொடங்கும் இடத்தில் விளக்குக் கம்பத்தில் கட்டினேன். புள்ளிகளைத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. தனித்தனியாக முனகியவர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்று என்னைப் பார்ப்பது போல.

மறுநாள் கம்பத்தில் கயிறு மட்டும் இருந்தது. அவிழ்த்தவர் எதிர்வீட்டுக்காரர், மச்சானின் குழுவில் வலது கை. மறைக்கக்கூட இல்லை.

"தம்பி, கம்பெனிக்காரனுக்கு நீயே இலவசமா பேனர் அடிச்சுக் குடுக்குறியா?"

"அண்ணே, உங்க வீட்லதான் புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு."

"அவளுக்காகத்தான்டா வீடு கேக்குறோம். போ, போயி கண்ணீர் அஞ்சலி அடி."

என் படத்தை அவர் வீணாக்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல பேனர் துணியை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். திருப்பிப் போட்டு, கோழிக்கூண்டின் மேல் கூரையாகக் கட்டியிருந்தார். மழை பெய்தது. துணி நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கியது. சில நாள் கழித்து வேலியோரம் போகும்போது எட்டிப் பார்த்தேன். கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கித் துள்ளிக்கொண்டிருந்தன. அடியில், வெள்ளைத் துணியின் வழியே மங்கலாக, என் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கையை நீட்டித் துணியைத் தூக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டினேன். கோழிகள் கத்தின. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதற்குப் பிறகு மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது.

கொதித்தது. பிறகு தணிந்தது. தணிந்த அன்று எழுந்து உட்கார்ந்து, ரசஞ்சோறு கேட்டு, "பாத்தியாடா, லாரி ஓட்டுற ஒடம்பு" என்றார். இந்த நோய் அப்படித்தான் ஏமாற்றும். சூடு இறங்கும்போதுதான் உள்ளே கசியத் தொடங்கும். சாயங்காலத்துக்குள் வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார், கை கால் மீனைத் தொட்டது போல ஜில்லென்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் ரத்தம் எடுக்க ஊசி. ஈறுகளில் ரத்தம் கோடு போட்டிருந்தது. பிளேட்லெட் இறங்குகிறது என்று நர்ஸ் சொன்ன ஒவ்வொரு தடவையும் அக்கா, ஏதோ அவளால் தூக்கி நிறுத்த முடியும் என்பது போல, கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கேதான் சுகாதார இலாகாவிலிருந்து ஒரு மலாய்ப் பெண் வந்தார். சின்ன வயது. தூங்காத கண். தோட்டத்துக் காட்டில் கொசுவையே காணவில்லை என்று அவர்களுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்தத் தடவை முகவரியைக் கேட்கவில்லை. கையிலிருந்த பெரிய போன் மாதிரியான பலகையில் வரைபடத்தைத் திறந்து மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"எந்த இடத்துல இருக்கீங்க பாக்சிக்? விரல வச்சுக் காட்டுங்க" என்று மலாயில் மரியாதையாகத்தான் கேட்டார்.

மச்சான் ஊசி குத்திய கையைத் தூக்கினார். எங்கேயும் தேடவில்லை. பச்சைக்குள் நேராகப் போனது அந்த விரல். கோயிலைத் தாண்டி, பழைய ரப்பர் பால் ஸ்டோர் இருந்த வளைவைத் தாண்டி, இரண்டாவது லயத்தின் கடைசி வீடு எங்கே இருந்ததோ அங்கே நின்றது. அவர் அப்பா இறந்த வீடு அது. அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கினார். செம்பனை மட்டைகள். நட்சத்திரம் நட்சத்திரமாக, வரிசை வரிசையாக, செம்பனை மட்டைகள்.

"இங்க வீடே இல்லையே."

"இருக்கு" என்றார் மச்சான்.

அப்போது அக்கா அந்தப் பலகையை வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை, குழந்தை கையிலிருந்து கத்தியைப் பிடுங்குவது போல வாங்கினாள். வெங்காயம் நறுக்கி நறுக்கிக் கறுத்த கட்டைவிரலால் படத்தை இழுத்தாள். காடு நகர்ந்தது. பெரிய ரோடு வந்தது, யோங் பெங் சந்தி வந்தது, சாக்கடை வந்தது. கூரைகளைக் குனிந்து பார்த்தாள். பின்னால் தகரம் நீட்டியிருக்கும் கூரையில் விரலை வைத்தாள்.

"இங்க. இதுதான் எங்க வீடு. இந்த வரிச பூரா எங்க ஆளுங்கதான். பூராவும் காய்ச்சல்."

மச்சான் அவளைப் பார்த்தார். கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டியிருந்தது. "வீட்ட வித்துட்ட" என்றார் தமிழில். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அக்காவிடம் பேசவில்லை. தெம்பு இல்லாமலா, மனசு இல்லாமலா என்று அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தெம்பு இல்லாமல்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பெட்டியில் வந்தார். வீட்டுக்கு முன்னால் ரோட்டை மறித்துப் பந்தல் போட்டோம். செய்தி அவருக்கு முன்னாலேயே வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தது. சாவுச் செய்தியோடு, அக்கா விரல் வைத்த செய்தியும். வந்தவர்கள் மாலை போட்டார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அக்காவின் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஒரு பெண் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "புருஷன் கட்டுன கோட்டைய ஒரு வெரல்ல இடிச்சுட்டாளே" என்று பக்கத்தில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

பெட்டியை ரோட்டுக்கு இறக்கி வைத்துச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் புகையடிக்கும் வண்டி தாமானுக்குள் திரும்பியது. அதே மலாய்ப் பெண். கூடவே முதுகில் இயந்திரம் மாட்டிய ஆட்கள். பந்தலைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். சன்னலைச் சாத்தினார்கள். இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார்கள். சாவியை மடியில் செருகிக்கொண்டு திரும்பி வந்து, மறுபடியும் எங்கள் பந்தலில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எந்த வீட்டிலும் ஆள் இல்லை. எல்லாரும் மச்சானுக்கு முன்னால் இருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் கையில் எங்கள் வரிசையின் படம் காகிதத்தில் இருந்தது. கதவு பூட்டிய வீடு ஒவ்வொன்றின் மேலும் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். அக்காவிடம் வந்து, தணிந்த குரலில், "மன்னிச்சுக்குங்க அக்கா. இன்னொரு நாள் வர்றோம்" என்றார்.

"எங்க வீட்டுக்குள்ள அடிங்க" என்றாள் அக்கா. "தொறந்துதான் கெடக்கு. ஆளுதான் வெளிய வந்துட்டாரே."

இயந்திரம் உறுமியது. வெள்ளைப் புகை எங்கள் கூடத்துக்குள் நுழைந்து, பின்னறை சன்னல் வழியாக வந்தது. டீசல் வாடை சாமந்தி வாடையைத் தின்றது. அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். சுற்றிலும் பெருக்கல் குறி, நடுவில் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சரிக்குறி. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அவிழ்ந்த கூந்தலோடு, நேராக எதிர்வீட்டுக் கேட்டுக்குப் போய் நின்றாள்.

"அண்ணே. தொறங்க."

எதிர்வீட்டுக்காரர் பதறி எழுந்து ஓடினார். "தங்கச்சி, என்ன இது, அங்க அவரு கெடக்குறாரு, நீ போயி..."

"தொறங்கண்ணே."

"உள்ள ஆளு இல்ல லா."

"பரவால்ல. நான் உள்ள போறேன். அவரு மொகத்தத் தொட்ட கையோட, இப்புடியே போயி வாசல்ல இருக்குற ஒங்க சாமி மேடைக்கு முன்னால உக்காருறேன். நீங்க தொறக்குற வரைக்கும் ஏந்திரிக்க மாட்டேன்." சுவர் தாழ்வானதுதான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை அதன் மேல் வைத்துவிட்டாள்.

பந்தலிலிருந்து எதிர்வீட்டுக்காரரின் பெண்சாதி அலறினார். "ஐயையோ, புள்ளத்தாச்சி இருக்குற வீடு! தீட்ட கொண்டு போறாளே! தொறந்து விட்டுத் தொலைங்களேன்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அந்த அம்மாவுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். ஆள் இல்லாத வீட்டில் ஆள் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் சாவியை எடுத்தார். இரண்டு தடவை கீழே போட்டார். கதவு திறந்ததும் இலாகாப் பெண் முதலில் உள்ளே போனார். சாத்திய சன்னல்களுக்குள், இருட்டில், சோபாவில் அவருடைய பிள்ளைத்தாச்சி மகள் கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணி. உதடு வெடித்திருந்தது. ஒரு கை வயிற்றின் மேல். எப்போதிலிருந்து காய்ச்சல் என்று கேட்டதற்குத் தகப்பன் சுவரைப் பார்த்தார்.

"இப்பவே கொண்டு போகணும்" என்றார் அந்தப் பெண். சொல்லும்போதே வண்டியை வாசலுக்கு எடுக்கச் சொல்லிக் கையசைத்தார். இரண்டு பேர் தாங்கி அவளை ஏற்றினார்கள். வண்டிக்குள்ளிருந்து அவள் முகவரி என்ன என்று யாரோ கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பந்தலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு இந்த வரிசையிலுள்ள தன் வீட்டு எண்ணைச் சொன்னார்.

வண்டி அவளோடு போனது; முதுகில் இயந்திரம் மாட்டிய ஆட்கள் நின்றுகொண்டார்கள். சவ வண்டிக்காரர் என் தோளைத் தொட்டு, "நேரமாச்சு தம்பி" என்றார். நான் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. எதிர்வீட்டுக்குள் புகை நுழைந்து முடியும் வரை வாசலிலேயே நின்றாள். பிறகு காகிதத்தைப் பார்த்து, அடுத்த பெருக்கல் குறி எது என்று விரலால் தேடி, அந்த வீட்டுக் கேட்டுக்கு நடந்தாள். மச்சானை வெயிலில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அவள் போய்ச் சேர்வதற்குள், வாய் திறப்பதற்குள், அந்த வீட்டுக்காரர் அவளுக்கு முன்னால் ஓடிப் போய்ச் சங்கிலியை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.